பின்னாலும் போகிற வண்டி

பாலகோபாலுக்கு ஒரு விஷயம் புரியவில்லை என்றால் சோறு இறங்காது. லேத்தில் சுற்றுகிற இரும்பு வழக்கத்தைவிட லேசாக முனகினாலும் போதும், பிசைந்த கையைத் தட்டிலேயே உதறிவிட்டு எழுந்து போவான். என்ன ஏது என்று கண்டுபிடித்த பிறகுதான் மறுபடி வந்து உட்காருவான். காரணமில்லாமல் இரும்பு முனகாது என்பது அவன் கட்சி. மனிதர்களும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தான், பாவம். அறுபத்திரண்டாம் வருஷத்துக் கோடையில் பெற்ற தாயே அவனுக்குப் புரியாமல் போனாள்.

புதன்கிழமை உச்சி வெயிலில், நாய்கூட நிழலை விட்டு நகராத நேரத்தில், பங்காரம்மா தன்னுடைய மூன்று சக்கர வண்டியில் உட்கார்ந்து சிங்காநல்லூர்க் குளத்துக்குப் புறப்பட்டாள். அன்று காலையில் நல்ல காற்றடித்தபோது போகலாமா என்று அவன் கேட்டதற்கு, வேண்டாம் என்று சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டவள்தான். வியாழக்கிழமை அதைவிட மோசம். ரோட்டில் தார் இளகுகிற பின்மதியம். திங்கட்கிழமையானால் காலையில் ஒரே பரபரப்பு. காப்பியைக்கூடக் குடிக்காமல், தூக்கி வை, தூக்கி வை என்று மருமகளை விரட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும், எல்லாரும் காற்று வாங்கப் போகிற சாயங்காலத்தில் ஒழுங்காகப் போவாள். இதில் என்ன கணக்கு இருக்க முடியும் என்று பாலகோபால் தலையைப் பிய்த்துக்கொண்டான்.

அந்த வண்டி அவன் கையால் செய்தது. அதனால்தான் அவனுக்கு இத்தனை வேதனை.

நாலு வருஷத்துக்கு முன்னால் பங்காரம்மா பருத்தி மூட்டை எடுக்க அட்டாலிப் பரணில் ஏறி, ஏணி சறுக்கி, முதுகு அடிபட விழுந்தாள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் வைத்திருந்து, இனி நடக்க முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருஷமே அவள் கணவர் வெங்கடபதி மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு அவளுக்கு உலகம் என்பது ஒரு கட்டிலும், ஒரு ஜன்னலும், ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு அழகிரிசாமியின் மதிலும்தான். கிணற்றில் தண்ணீர் சேந்திச் சேந்தி உரமேறின கைகள் இரண்டும் போர்வைமேல் சும்மா கிடந்தன. அதைப் பார்க்கப் பாலகோபாலுக்குப் பொறுக்கவில்லை.

ஒருநாள் ஆஸ்பத்திரி வாசலில், பட்டாளத்தில் கால் போன ஒருவர் கையாலேயே சுற்றி ஓட்டிக்கொண்டு போன வண்டியைப் பார்த்தான். அன்றைக்கே ஷெட்டில் வேலை ஆரம்பமாகிவிட்டது. ஷெட் என்றால் திருச்சி ரோட்டோரத்தில் ஒரு தகரக் கூரை, ஒரு லேத், துளை போடுகிற மெஷின் ஒன்று. அவனும், வெல்டிங்கில் கெட்டிக்காரனான அமிர்தநாதனும் கூட்டு. அதுவரை மற்றக் கம்பெனிகளுக்குப் பம்பு உதிரி செய்து கொடுத்துக்கொண்டிருந்தவர்கள், சொந்தமாக ஒரு முழு மோட்டார் செய்து வெள்ளகோவில் பக்கம் ஒரு விவசாயியின் கிணற்றில் இறக்குவதாக வாக்குக் கொடுத்திருந்தார்கள். அதை ஓரமாக வைத்துவிட்டு வண்டியில் இறங்கினார்கள்.

பின்னால் இரண்டு சக்கரம், நடுவில் கால்களை அறுத்தெடுத்த ஒரு பிரம்பு நாற்காலி, முன்னால் ஒரு சக்கரம். காலால் மிதிக்கிற பெடலை நெஞ்சுக்கு நேராகத் தூக்கி வைத்துக் கைப்பிடியாக்கி, அங்கிருந்து முன்சக்கரத்துக்குச் செயினை இறக்கினார்கள். கையால் சுற்றினால் வண்டி ஓடும். அதையே இப்படியும் அப்படியும் வளைத்தால் திரும்பும். கால் நழுவாமலிருக்க மெஷின் பெல்ட்டில் ஒரு வார் போட்டார்கள். பழைய சைக்கிள்கள் இரண்டின் உயிர் அதற்குள் போயிற்று.

முதல் நாள் காலையில் அவனும் மனைவி வரலட்சுமியும் அம்மாவைத் தூக்கி நாற்காலியில் வைத்தார்கள். பங்காரம்மா கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒரு சுற்றுச் சுற்றினாள். வண்டி நகர்ந்தது. நகர்த்தினவளே பயந்துபோய் நிறுத்திவிட்டாள். சந்து முழுக்க வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. குளத்தங்கரைக்குப் போனதும் அவள் மகனை மறந்தே போனாள். ஈரக்காற்று முகத்தில் அடிக்க, அவள் சுற்றின சுற்றில் வண்டி கரைமேல் பறந்தது. அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினான். மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது, அவள் கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவனும் அழுதுவிட்டான். அந்த வீட்டு மனிதர்கள் சந்தோஷத்தில் அழுது வெகுகாலம் ஆகியிருந்தது.

அதற்கப்புறம் தினமும் காலையில் தனியாகவே போய்வரப் பழகிக்கொண்டாள். தூக்கி வைக்கவும் இறக்கவும் மட்டும் வரலட்சுமி வேண்டும். முகத்தில் ஒரு தெளிவு வந்தது. ஒரு கவளம் கூடச் சாப்பிட்டாள். பாலகோபால் ஷெட்டுக்கு விசிலடித்துக்கொண்டு போனான்.

பிறகு ஒரு காலையில் அவள் போகவில்லை. தலைவலி என்றாள். மறுநாளும் போகவில்லை. மழை வருகிற மாதிரி இருக்கிறது என்றாள். வானத்தில் மருந்துக்குக்கூட மேகமில்லை. பாலகோபால் வண்டியில் கோளாறு என்றே நினைத்தான். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தான், செயினுக்கு எண்ணெய் விட்டான், நாற்காலியில் தானே உட்கார்ந்து முற்றத்தை வலம் வந்தான். ஒன்றும் தட்டுப்படவில்லை. கடைசியில் அவளே கூப்பிட்டுச் சொன்னாள். வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிற குடும்பம்தான். ஆனால் பங்காரம்மாவுக்கு மனசுக்குள்ளிருந்து வருகிற பேச்செல்லாம் தமிழில்தான் வரும்.

"வண்டி முன்னாடி மட்டுந்தான் போகுது கண்ணு. பின்னாடியும் போற மாதிரி செஞ்சு குடு."

எதற்கு என்று கேட்டான். சும்மாதான் என்றாள். இது அவனுக்குப் புரியவில்லை. குளத்துக்குப் போகிறவள் எதற்காகப் பின்னால் போக வேண்டும்? அமிர்தநாதன்தான் சமாதானம் சொன்னான். உங்கள் சந்து இருக்கிற அகலத்துக்கு நடுவழியில் வண்டியைத் திருப்ப முடியுமா, எதிரே மாடு வந்தால் பெரியம்மா என்ன செய்வார்கள், என்று கேட்டான். அது நியாயமாகப் பட்டது. சந்தின் இரண்டு பக்கமும் மதில். எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டால்தான் அந்த வண்டி போகும். காரணம் கிடைத்ததும் பாலகோபாலுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

சைக்கிளின் பல்சக்கரத்துக்குள் பிரீவீல் என்று ஒன்று உண்டு. அது இருக்கிறதால்தான் மிதிப்பதை நிறுத்தினாலும் சைக்கிள் பாட்டுக்கு ஓடும், பின்பக்கம் மிதித்தால் வெறுமனே கடகடக்கும். அதை எடுத்துவிட்டு, அசையாத பல்சக்கரத்தை வைத்து ஒட்டினார்கள். இப்போது முன்னால் சுற்றினால் முன்னால், பின்னால் சுற்றினால் பின்னால். ஆனால் இதில் ஒரு தொல்லை. சரிவில் இறங்கும்போது கைப்பிடிகள் தாமாகவே சுழலும். கையை விட்டால் மணிக்கட்டில் வந்து அடிக்கும். அதை அம்மாவிடம் சொன்னான். அடிச்சா அடிக்கட்டும் என்றாள். முற்றத்தில் பின்னாலேயே போய்ப் போய்ப் பழகினாள். கழுத்தைத் திருப்பாமல், நூல் பிடித்தாற்போல் போனாள். அவன் பெருமை தாங்காமல் சந்தில் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

பின்னால் போகப் பழகின மறுவாரம்தான் இந்த நேரங்கெட்ட நேரத்துப் பயணம் ஆரம்பித்தது.

பாலகோபால் விட்டுவிடுகிற ஆளா? வெயில் மண்டைக்கேறிப் புத்தி தடுமாறுகிறதோ என்று பயந்து டாக்டரிடம் போய்க் கேட்டான். அவர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். அமிர்தநாதன், இது ஏதோ வேண்டுதல் என்றான். எங்கள் மாதா கோயிலில்கூட முட்டிபோட்டு நடப்பார்கள் என்று உதாரணம் காட்டினான். வண்டியின் முதுகில் ஒரு குழாயைப் பற்றவைத்துக் குடையைச் செருகிக் கொடுத்தான் பாலகோபால். குடை நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு, அதே உச்சிவெயிலில் அதே குடையோடு அவள் போனாள். வளையல் இல்லாத மணிக்கட்டில் நீலம் பாய்ந்திருந்தது. சரிவில் வேகமாக இறங்காதீர்கள் என்று எத்தனை சொல்லியும் அந்த நீலம் குறையவில்லை.

வரலட்சுமியைக் கேட்டான். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கவில்லை. அத்தைக்குப் பிடித்த நேரத்தில் போகட்டும், கேட்காதீர்கள் என்றாள். அவளுக்கு ஏதோ தெரியும் என்று மட்டும் அவனுக்குத் தெரிந்தது. இரண்டு பெண்களும் சேர்ந்து தன் முதுகுக்குப் பின்னால் ஒரு மெஷினை ஓட்டுகிறார்கள், சத்தம் மட்டும் தனக்குக் கேட்கிறது, என்று தோன்றியது. எரிச்சல் வந்தது. அதற்கு மேல் வருத்தமும் வந்தது. அம்மா சந்தோஷமாக இருக்க வேண்டும் என்றுதானே இத்தனையும். அவள் சந்தோஷமாக இருக்கிறாளா இல்லையா என்பதே தெரியாமல் என்ன வண்டி செய்து என்ன?

ஒரு சனிக்கிழமை காலை, ஷெட்டில் ஒரு அளவுகோலைக் காணாமல் வீட்டுக்கு எடுக்க வந்தான். சந்து முனையில் சைக்கிளைவிட்டு இறங்கினான். உள்ளே, கொஞ்ச தூரத்தில், வீட்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்த அம்மாவின் குடை தெரிந்தது. வழியில் செயின் கழன்று மாட்டி வந்ததால் அன்றைக்கு அவளுக்கு நேரமாகிவிட்டது என்பது அவனுக்கு அப்புறம்தான் தெரியும்.

அந்தச் சமயத்தில் சந்தின் உட்கோடியிலிருந்து அழகிரிசாமி வீட்டார் புறப்பட்டு வந்தார்கள். அழகிரிசாமி பாலகோபாலுக்கு மாமன் முறை. அவர் மகனுக்கு அன்று நிச்சயதார்த்தம். முன்னால் பட்டுச்சேலைப் பெண்கள் தேங்காய், பழம், பூ வைத்த தட்டுகளோடு வந்தார்கள். குடை நின்றது. மறுநிமிஷம் வண்டி பின்னால் வர ஆரம்பித்தது.

அது வந்த வேகத்தையும் நேர்த்தியையும் பார்த்து, உள்ளதைச் சொன்னால், பாலகோபாலுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. மதிலில் உரசவில்லை, கொஞ்சம்கூட வளையவில்லை. சந்து முனையில், குப்பை கொட்டுகிற காலி மனைக்குள் வண்டி பின்புறமாகவே வளைந்து புகுந்தது. அவசரத்தில் ஒரு கைப்பிடி நழுவிச் சுழன்று மணிக்கட்டில் அடித்த சத்தம் அவனுக்குக் கேட்டது. பங்காரம்மா அதைத் தடவிக்கூடப் பார்க்கவில்லை. வெள்ளைச் சேலையின் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து விட்டுக்கொண்டு, முன்சக்கரத்தை மதில் பக்கம் வளைத்து, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். மகன் நிற்பதை அவள் கவனிக்கவில்லை.

தட்டுகள் அவளைத் தாண்டிப் போயின. பெண்கள் எதிர்ப்பக்க மதிலைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். யார் முகத்திலும் வெறுப்பு இல்லை. வழியில் ஒரு கம்பம் நின்றால் சுற்றிப்போவது போலப் போனார்கள். கடைசியில் வந்த அழகிரிசாமி பாலகோபாலைப் பார்த்துவிட்டு நின்று, தோளில் தட்டினார்.

"நல்லாச் செஞ்சிருக்கீங்க மாப்ள. பின்னாடியும் போறதுனால இப்ப ஆருக்கும் சங்கடமில்லீங்க."

கிண்டலாகச் சொல்லவில்லை, மனசார மெச்சித்தான் சொன்னார். அதைத்தான் பாலகோபாலால் தாங்க முடியவில்லை. என்ன சங்கடம் என்று கேட்க வாயெடுத்தான். அதற்குள் அவர் போய்விட்டார். அம்மாவிடம் போகக் கால் வரவில்லை. வந்த வேலையை மறந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவளுக்கு முன்னால் வீட்டுக்குப் போனான்.

இந்தமுறை வரலட்சுமியை அவன் விடவில்லை. அவள் அவனைச் சுவரில் தொங்கின நாட்காட்டிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். அதில் தேதியைத் தவிர வேறெதையும் அவன் என்றைக்கும் படித்ததில்லை. பஞ்சாங்கம், நல்ல நேரம், சகுனம் எதிலும் நம்பிக்கை இல்லாதவன். லேத்தை வாங்கி இறக்கினது என்ன கிழமை, என்ன நேரம் என்று கேட்டால் விழிப்பான். வரலட்சுமி தேதிக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த வரியில் விரலை வைத்தாள். ராகுகாலம். திங்கட்கிழமை காலை, புதன்கிழமை உச்சி, வியாழக்கிழமை பின்மதியம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். எல்லாம் அப்படியே இருந்தது.

"அந்நேரத்துல ஆரும் நல்ல காரியத்துக்குப் பொறப்பட மாட்டாங்க இல்லீங்களா. அத்தை எதுக்க வந்தாலும் ஆருக்கும் கெடுதலில்ல. அதுதான்."

பிறகு அவளே மற்றதையும் சொன்னாள். முன்பு ஒருநாள் காலையில் அத்தை குளத்திலிருந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தபோது, அழகிரிசாமி வீட்டார் பெண் பார்க்கப் புறப்பட்டு வந்தார்கள். நடுச்சந்தில் நேருக்கு நேர். அத்தையால் திரும்ப முடியவில்லை, பின்னால் போகவும் வண்டிக்கு வழியில்லை. அவர்கள் ஒரு சொல் சொல்லவில்லை. எல்லாருமாகத் திரும்பி வீட்டுக்குள் போய், தண்ணீர் குடித்து, உட்கார்ந்து, அத்தை வீடு வந்து சேரும்வரை கதவைத் திறக்கவே இல்லை. சுமங்கலியாக இருந்த காலத்தில் அந்தச் சந்தில் எந்த விசேஷமானாலும் முதல் தட்டை அத்தை கையில்தான் கொடுப்பார்கள். மாமா இறந்தபோது அவள் கட்டிலில் இருந்தாள். அதற்குப் பிறகு வெளியில் வந்ததே இந்த வண்டியில்தான். தான் விதவை என்பதைச் சந்துக்குள் அவள் கண்டுகொண்டது அன்றைக்குத்தான்.

பாலகோபாலுக்கு உடம்பெல்லாம் கூசிற்று. பின்னால் போகிற வண்டியென்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவன் அவன்தானே. ஊரார் அம்மாவை ஒதுக்கிவைக்க வசதியாக, ராப்பகலாக உட்கார்ந்து, தன் கையாலேயே ஒரு கருவி செய்து கொடுத்திருக்கிறான்.

ஸ்பானரை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனான். அப்போதுதான் வந்திருந்த பங்காரம்மா இன்னும் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள். அவன் முன்சக்கரத்தின் அருகில் குந்தி நட்டைக் கழற்றப் போனான். அவள் பார்த்துவிட்டாள், அவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்பதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"கழட்டாத கண்ணு."

அவன் படபடவென்று பேசினான். அழகிரிசாமி மாமனிடம் இப்போதே போய்க் கேட்கிறேன் என்றான். நாளையிலிருந்து நீங்கள் விடியற்காலையில்தான் போக வேண்டும், எவன் கதவைச் சாத்துகிறான் பார்க்கிறேன் என்றான். அவள் அவன் முடியைக் கோதிவிட்டாள்.

"ஆருகிட்டப் போய்ச் சண்டை போடுவ? நானும் கதவச் சாத்தினவதான். உன்ற அத்தை தாலி அறுத்துப்போட்டு வந்தப்ப, உன்னைய ஸ்கூலுக்கு அனுப்பறதுக்கு முந்தி அவ எதுக்க வர்றாளான்னு எட்டிப்பாத்துட்டுத்தான் அனுப்புவேன்."

ராகுகாலத்தில் குளத்தங்கரையில் ஒரு ஈ காக்கை இருக்காது, கரை முழுக்கத் தனக்குத்தான், வேகமாகப் போனாலும் கேட்க ஆளில்லை, என்றும் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் உண்மையாகவே மலர்ந்திருந்தது. மணிக்கட்டு வீங்கியிருந்தது. எதை நம்புவது என்று அவனுக்குத் தெரியவில்லை. நம்புகிறீர்களா நீங்கள் இதையெல்லாம் என்று கேட்டான். அவள் யோசித்துவிட்டு, அது எனக்கே தெரியவில்லை என்றாள்.

அவன் மனசில் ஒரு யோசனை விழுந்தது. வெள்ளகோவிலுக்கு மோட்டார் போகிற நாள் நெருங்கியிருந்தது. இத்தனை வருஷம் பாடுபட்டதில் அவன் பெயர் போட்டுப் போகிற முதல் சரக்கு. அன்றைக்கு அம்மாதான் எதிரே வர வேண்டும், சந்து முழுக்கப் பார்க்க வேண்டும், அம்மா முகத்தில் விழித்துத்தான் புறப்படுவேன் என்றான். சொன்னபோது அவனுக்கே நெஞ்சு விம்மிற்று. அம்மா கண்கலங்குவாள் என்று எதிர்பார்த்தான்.

பங்காரம்மா கோதின கையை எடுத்துவிட்டாள்.

"வெள்ளகோவில்ல மோட்டார் ஓடலைன்னா உன்ற வேலைல குத்தம்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. என்ற மூஞ்சியச் சொல்லுவாங்க. உனக்கென்ன, நீ ஆம்பளை, வேற மோட்டார் செஞ்சுக்குவ. நான் வேற மூஞ்சிக்கு எங்க போறது?"

அம்மாவுக்கு நல்லது செய்வதாக நினைத்தால் அது வேறென்னவோ ஆகிவிடுகிறது. செய்யாமல் விட்டாலும் நெஞ்சு குத்துகிறது. ஸ்பானரைக் கீழே வைத்தான். அடுத்த சில நாள் ஷெட்டில் லேத்தையே கட்டிக்கொண்டு கிடந்தான். அமிர்தநாதன் கேட்டுக் கேட்டுப் பார்த்து, எல்லாம் தெரிந்த பிறகு, பெரியம்மா சொல்வது சரிதானே என்றான். சரிதான், அதனால் என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. கடைசியில் அம்மா சொன்னபடியே ஆகட்டும் என்று தோற்றுப்போனான். வரலட்சுமி பார்த்துக் கொடுத்த நல்ல நேரத்தில், வெள்ளிக்கிழமை காலையில் புறப்படுவதென்று முடிவாயிற்று.

அன்றைக்கு ஷெட்டிலிருந்து மோட்டாரை லாரியில் ஏற்றிச் சந்து முனைக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, சாப்பிட வீட்டுக்கு வந்தான். அம்மாவின் அறைக்கதவு சாத்தியிருந்தது. முக்கியமான காரியத்துக்கு அவன் புறப்படுகிற நாளிலெல்லாம் அந்தக் கதவு சாத்தியிருந்திருக்கிறது. அவள் தூங்குகிறாள் என்று இத்தனை நாளும் நினைத்திருக்கிறான். கதவுக்கு வெளியே நின்று, போய்ட்டு வாரேனுங்கம்மா என்றான். பதில் வரவில்லை. வரலட்சுமியும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டே சந்தில் நடந்தான்.

முனையில் லாரி நின்றது. லாரிக்காரர் செங்கோடன் கீழே இறங்கி ஒரு மாதிரியாக நின்றார். அமிர்தநாதன் மோட்டார்மேல் சாய்ந்தபடி இவனையே பார்த்தான். லாரிக்கு முன்னால், சந்தை அடைத்துக்கொண்டு, இவனுக்கு நேர் எதிரே பங்காரம்மா வண்டியில் உட்கார்ந்திருந்தாள். அவன் ஷெட்டிலிருந்த நேரம் பார்த்து வரலட்சுமியைத் தூக்கி வைக்கச் சொல்லி வந்து, காலி மனைக்குள் மறைந்து காத்திருந்திருக்கிறாள். குடை இல்லை. முந்தானை தோளில்தான் இருந்தது.

அது ராகுகாலம் இல்லை. நல்ல நேரம். பின்னால் வாசல்களில் ஆட்கள் வந்து நிற்பது அவனுக்குத் தெரிந்தது. அழகிரிசாமியின் இருமல் கேட்டது. அவள் கைகள் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தன. அவளுக்குப் பயம், நன்றாகவே தெரிந்தது. ஆனாலும் அவள் பின்னால் சுற்றவில்லை.

"மோட்டார நல்லாப் பாத்துட்டயா கண்ணு?"

"பாத்துட்டனுங்கம்மா."

"எல்லாம் சரியா இருக்குதா?"

"இருக்குதுங்கம்மா."

"அப்பச் சரி. நீ சரின்னு சொன்னா அது ஓடும்னு நெனச்சுத்தான் வந்தேன். போய்ட்டு வா."

செங்கோடன் லாரியில் ஏறப்போனார். பாலகோபால் நகரவில்லை. இருக்குதுங்கம்மா என்று வாய் சொல்லிவிட்டது. இருக்கிறதா? நேற்று ஓட்டிப் பார்த்தான், முந்தாநாள் ஓட்டிப் பார்த்தான், ஒரு குறையும் இல்லை. இந்தப் பக்கத்திலேயே தன் வேலையில் சந்தேகப்படாத ஒருவன் உண்டென்றால் அது பாலகோபால்தான். இப்போது திடீரென்று பேரிங்கில் கிரீஸ் வைத்தது நினைவிருக்கிறதா என்று மனசு கேட்டது. மூடியின் போல்ட்டுகளைக் கடைசியாக முடுக்கினது தானா, அமிர்தநாதனா? அந்த இரும்பு இனி வெறும் மோட்டார் இல்லை. அதற்குள் அம்மாவின் முகம் இருக்கிறது.

லாரியில் ஏறினான். கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, சாக்கை விலக்கி, ஸ்பானரைக் கேட்டான். என்ன இது, இப்போதா, என்று அமிர்தநாதன் தயங்கினான். கொடு என்றான். மூடியைக் கழற்றினான். பேரிங்கில் விரலை வைத்துச் சுற்றினான், காதை வைத்துக் கேட்டான். கம்பிச் சுற்றுகளை ஒவ்வொன்றாகத் தடவினான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மூடினான். மூடின பிறகு, அந்த இடதுபக்கத்து போல்ட்டைச் சரியாகப் பார்த்தோமா என்று மறுபடி திறந்தான். நெற்றி வேர்வை மோட்டாருக்குள் சொட்டிவிடப் போகிறதே என்று தோள்துண்டால் துடைத்துக்கொண்டான்.

வெயில் ஏறியது. வாசலில் நின்றவர்கள் யாரும் உள்ளே போகவில்லை. பஞ்சாங்கத்தை ஒருநாளும் திரும்பிப் பார்க்காத மனிதன், ஒரு போல்ட்டை நம்பமாட்டாமல் நடுரோட்டில் லாரிமேல் குந்தியிருப்பதை அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செங்கோடன் பொறுத்துப் பார்த்துவிட்டு, பங்காரம்மாவிடம் வந்து பணிவாகச் சொன்னார்.

"ஏனுங்கம்மா, இப்பப் பொறப்படலைன்னா ராகுகாலம் பொறந்துருமுங்க."

பங்காரம்மா மகனைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"பொறக்கட்டும்," என்றாள். "அவன் பாத்து முடிக்கட்டும்."